கோப்பை வைத்த பலகை

எங்கள் முகப்பேர் குடியிருப்பில் கீழ் வீட்டில் மட்டும்தான் போன் இருக்கிறது. அந்த வீட்டு அம்மா மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்து, "பூந்தமல்லியிலருந்து போன் வந்திருக்கு, யாரோ பாயாம்" என்று சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. ரஷீத் பாய் காலை வேளையில் போன் செய்கிறவர் இல்லை. அந்த நேரத்தில் கடையைத் திறந்து பஞ்சு மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

"கமாலு மவுத்தாயிட்டாம்பா," என்றார். "மதியம் தொழுவ முடிஞ்சி அடக்கம். நீ வந்துடு. அவுங்களுக்கு எல்லாம் நீயே சொல்லிடு. எனுக்கு அவுங்களாண்ட பேச வாய் வர்ல."

அவுங்க என்றால் நாம்தான். கமாலோடு ஆடியவர்கள், அவன் கோல் போட்டபோது மைதானத்துக்குள் ஓடி வந்தவர்கள், அவனைத் தோளில் தூக்கியவர்கள். இதைப் படிக்கிற உங்களில் பலர். இந்த ஆண்டுப் போட்டி மலருக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் தனபால் அண்ணன் என்னிடம் கேட்டார். "நல்லா உருக்கமா எழுதுப்பா, படிச்சா கண்ணுல தண்ணி வரணும்" என்றார். எனக்கு உருக்கமாக எழுத வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வருகிறது. அது ஒரு பக்கத்தில் அடங்கவும் இல்லை. பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அவனைத் தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். கமால், பூந்தமல்லியில் மெத்தைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை, ரஷீத் பாயின் தம்பி. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆவடிக் கால்பந்துக் குழுவுக்கு ஆட வந்தான். நாங்களெல்லாம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பையன்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்த அப்பாக்களின் பிள்ளைகள். கமால் மட்டும்தான் வெளியாள். முதல் நாள் பயிற்சிக்கு சைக்கிளில் வந்து இறங்கியபோது தலைமுடி முழுக்க இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபது வயதில் நரைத்துவிட்டதா என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கே 'பஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டோம். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "பஞ்சுன்னு கூப்டுங்கடா, ஆனா கோலு போட்டா மட்டும் கமால்னு கத்தணும்" என்றான்.

தலையால் பந்து முட்டுவதில் அவனுக்கு நிகர் எங்கள் வட்டாரத்தில் யாரும் இல்லை. சிறுவயதிலிருந்து கடை மெத்தைகளை வாடிக்கையாளர் வீடுகளுக்குத் தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டவன். நசரத்பேட்டை வரைகூட நடந்தே போவானாம். அவன் கழுத்து பார்க்கிறவர்கள் இன்னொரு தரம் பார்க்கிற மாதிரி இருக்கும். தலையில் அடி படுகிறதே, வலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "பந்து இன்னாடா வெயிட்டு? மழைல நனைஞ்ச ரெட்டை மெத்தய ஒரு தபா தூக்கிப் பாரு, அப்பால சொல்லு" என்றான். அந்தக் கழுத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் பெருமை பேசித் திரிந்தோம்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோல் போட்டதும் மற்றவர்களைப் போல ஓடமாட்டான், குதிக்கமாட்டான். அப்படியே தரையில் குப்புற விழுந்து, கையை விரித்து, செத்தவன் மாதிரி அசையாமல் கிடப்பான். நாங்கள் போய் அக்குளில் கைவிட்டுத் தூக்கினால்தான் எழுந்திருப்பான். தூக்கும்போதும் உடம்பைத் தளர விட்டுக்கொண்டு பாரமாகத் தொங்குவான். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டதற்கு, "ஊட்ல மெத்த மேல படுத்தா விக்கிற மெத்தன்னு அண்ணன் அடிக்க வர்றாரு. இங்க படுத்தா எவன் கேக்கறான்?" என்றான். கூட்டத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவன் விழுந்து கிடப்பதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள்.

நம் பொங்கல் போட்டியின் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எழுதி வைத்தாவது பார்ப்போம். இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் போட்டவனை நின்ற இடத்திலேயே தோளில் தூக்கிவிட வேண்டும். மேளத்தோடு மைதானத்தை ஒரு சுற்று சுற்றி, கோப்பை மேசைக்குக் கொண்டு வர வேண்டும். கோப்பையைத் தொடும்வரை அவன் கால் தரையில் படக்கூடாது. இது எங்கிருந்து வந்தது, யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. யாரோ தங்கள் ஊர்க் கோயில் பழக்கத்தைக் கொண்டு வந்து இதில் சேர்த்திருக்கலாம். ஒரு வருஷம் தூக்கியவன் இடறி, கோல் போட்டவன் கால் தரையில் பட்டுவிட்டது. அடுத்த வருஷம் நம் குழு முதல் சுற்றிலேயே தோற்றது. அதிலிருந்து தூக்குகிற விஷயத்தில் எல்லோரும் பயபக்தியோடு இருந்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கல். பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து மைதானம். மழைக்காலம் முடிந்து நெருஞ்சி படர்ந்து கிடந்தது. எதிர்க் குழு அம்பத்தூர் எஸ்டேட் பையன்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நான் வலது பின்வரிசை ஆட்டக்காரன், எல்லோரும் முன்னேறிப் போனதால் நம் கோல் பக்கத்தைக் காக்க நான் மட்டும் பின்னால் நின்றேன். பந்து தாழ்வாக வந்தது. கமால் அதற்குப் பாய்ந்தான். பந்தும் அவனும் சேர்ந்தே கோலுக்குள் போனதுபோல்தான் அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. இரும்புக் கம்பத்தில் அவன் தலை மோதியது எனக்குத் தெரியவில்லை. கூச்சலில் சத்தமும் கேட்கவில்லை.

குப்புறக் கிடந்தான். கையை விரித்திருந்தான். அசையவில்லை. எப்போதும் போலத்தானே என்று கூட்டம் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடியது. அம்பத்தூர் கோல்கீப்பர் மட்டும் அவன் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி ஏதோ சொல்லி மறித்திருக்கிறான். தோற்றவன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று அவனைத் தள்ளிவிட்டார்கள். அக்குளில் இருவர் கை கொடுத்தார்கள், கால்களை இருவர் பிடித்தார்கள். தூக்கித் தோளில் போட்டார்கள். உடம்பு தொங்கியது. அதுவும் எப்போதும் போலத்தானே!

நான் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தேன். அதற்குள் ஏரிப் பக்கத்து வளைவில் போய்க்கொண்டிருந்தார்கள். கமாலின் தலை பின்னால் சாய்ந்து, ஒவ்வோர் அடிக்கும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கழுத்து அப்படித் தொங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் அசைந்தது. என்ன சொல்கிறான் என்று மேளத்தில் கேட்கவில்லை. நிறுத்துங்கள் என்று கத்தினேன், நானும் ஆர்ப்பரிக்கிறேன் என்று நினைத்து ஒருவன் என் முகத்தில் குங்குமத்தை அப்பினான். கோப்பை மேசைக்கு வந்த பிறகுதான் மேளம் ஓய்ந்தது. தனபால் அண்ணன் கமாலின் கையைப் பிடித்துக் கோப்பை மேல் வைத்தார். கை வழுக்கி விழுந்தது. அப்போதுதான் அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"டேய், என் காலு எங்கடா?"

கோப்பையைத் தொட்டாயிற்று, இனிமேல் கால் தரையில் படலாம் என்று அவனை இறக்கி நிறுத்தினார்கள். நனைந்த துணியைப் போல அப்படியே மடங்கினான். பிறகு ஒரு மெட்டடார் வேனின் பின்னால் அவனைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவன் கால் தரையில் படவே இல்லை.

கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் தலையின் இரு பக்கமும் மணல் பைகளை வைத்து அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். மணல் பையை வைத்துக் காப்பாற்ற வேண்டிய தலையை நாம் ஒரு மைதானம் முழுக்க ஆட்டிக்கொண்டு போயிருக்கிறோம். டாக்டர் எங்களைப் பார்த்து, விழுந்தவரை யார் தூக்கியது, எப்படித் தூக்கியது என்று கேட்டார். அடிபட்டபோதே நரம்பு போயிருக்கலாம், தூக்கியபோது போயிருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இப்படி விழுகிறவர்களைத் தொடவே கூடாது என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கூட்டத்திடம் தனபால் அண்ணன் போய்ச் சொன்னது வேறு. "வுழுந்தப்பவே எல்லாம் முடிஞ்சி போச்சாம்பா, டாக்டரே சொல்லிட்டாரு. நம்ம கைல ஒண்ணும் இல்ல." கூட்டம் பெருமூச்சு விட்டது. ஆவடி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மார்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கைகள் கொஞ்சம் அசையும், விரல்கள் மடங்காது. படுக்கைப் புண் வந்தது. ரஷீத் பாய் அவனுக்காக மெத்தை தைத்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கு ஒன்று போட்டு, புண் ஆறவில்லை என்று பஞ்சைப் பிரித்து மறுபடி அடித்து, இன்னும் மிருதுவாக வேறொன்று தைப்பார். மெத்தை விற்ற வீட்டில் மெத்தையே பிள்ளையின் முதுகைத் தின்றது. ஆரம்பத்தில் நாம் கும்பல் கும்பலாகப் போனோம். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனோம். பிறகு சிலர், அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை. "அல்லா விட்ட வழி கமாலு, மனச தளர விடாதே" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அவர் போன பிறகு கமால் என்னிடம், "அல்லாவ இன்னாத்துக்குடா இழுக்கறானுங்க? தூக்குனது இவனுங்கதானே?" என்றான்.

அவன் கசப்பைப் பற்றி நம்மில் பலர் குறை சொன்னதுண்டு. 'எவ்வளவு செய்தாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டான்' என்றார்கள். என்ன செய்தோம்? ஒவ்வொரு பொங்கலுக்கும் சக்கர நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினோம், மாலை போட்டோம், கோப்பையைத் தொட வைத்துப் படம் எடுத்தோம். "மேடய தரையில போடுங்கடா, என்னிய தூக்காதீங்க" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டான். ஒரு வருஷமும் மேடை இறங்கவில்லை. தூக்குவதுதானே மரியாதை!

ஒரு மதியம் நானும் அவனும் மட்டும் கடையின் பின்கட்டில் இருந்தோம். வெளியே ரஷீத் பாய் பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒன்னாண்ட மட்டும் சொல்றேன். கம்பத்துல மோதிக் கீழ வுழுந்தேனா, கழுத்துல சுரீர்னுது. எந்திரிக்க முடில. ஆனா முட்டிக்குக் கீழ நெருஞ்சி முள்ளு குத்திகினு இருந்திச்சு. நல்லாத் தெரிஞ்சிது எனுக்கு. இன்னாடா இது, கோலு போட்ட நேரத்துல முள்ளு குத்துதேன்னு நெனச்சேன். அப்பால தூக்குனானுங்க. அதுக்கப்பறம் முள்ளு இல்ல."

இதை ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணுவானுங்க? அழுவானுங்க. அழுதுட்டு அடுத்த பொங்கலுக்கு வேற ஒருத்தன தூக்குவானுங்க. எனுக்கு எவனும் அழ வேணாம். தூக்காம இருந்தா போதும்."

இதை நான் எழுதுவது சரியா என்று யோசித்தேன். உயிரோடு இருந்தவரை அவன் நம்மை இதிலிருந்து காப்பாற்றினான். இப்போது அவன் இல்லை. நம்மை இனியும் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

அதற்குப் பிறகுதான் பலகை வந்தது. கமால் சொல்லச் சொல்ல, ரஷீத் பாய் ஓர் ஆசாரியிடம் ஆள் நீளத்துக்குக் கனமான பலகை ஒன்றை இழைத்து வாங்கினார். ஓரங்களில் கை நுழையத் துளை போட்டு, உடம்பைக் கட்டக் கட்டில் நாடாவை அவரே தைத்துப் பொருத்தினார். விழுந்தவனை யாரும் தொடக்கூடாது. ஒருவன் மட்டும் மண்டியிட்டு இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் கொடுக்க வேண்டும். கீழே முள் குத்துகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒன்றாக, ஒரே நேரத்தில் பலகை மேல் மாற்ற வேண்டும். இதைப் போட்டி விதியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டான். நான்தான் குழுக் கூட்டத்தில் பேசினேன். "மெத்தக்கடைக்காரன் பலகை கேக்கறான் பாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தனபால் அண்ணன் நல்ல மனிதர், சிரிக்காதீர்கள் என்று அதட்டினார். பலகையை மேடையில் வைத்து, சிறப்பு விருந்தினர் கையால் வாங்கி, கைதட்டி, படம் எடுத்தார்கள். விதியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் எது என்று கமால் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மறு பொங்கலுக்குப் போனபோது பலகையைக் காணோம். கோட்டோரமாக எங்கும் இல்லை. கமால்தான் கண்டுபிடித்தான். "கோப்பைக்குக் கீழ பாரு" என்றான். இரண்டு ஸ்டூல் போட்டு, அதன் மேல் பலகையை வைத்து, சிவப்புத் துணி விரித்து, கோப்பைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நாடாக்கள் துணிக்குக் கீழே தொங்கின. நீளமும் அகலமும் அவ்வளவு பொருத்தமாம். நான் சண்டைக்குப் போனேன். "தேவப்பட்டா எடுத்துக்கலாம்பா, எங்க ஓடப் போவுது?" என்றார் தனபால் அண்ணன். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அது கோப்பை மேசையாகவே இருந்தது.

தொண்ணூறுகளில் தேவை வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் சேகர் என்பவன் அப்போது நம் குழுவில் ஆடிக்கொண்டிருந்தான். இறுதி ஆட்டத்தில் ஒரு பந்துக்கு எகிறி, எதிராளியின் முட்டி பிடரியில் இடித்து, தலைகுப்புற விழுந்தான். பந்து உள்ளே போய்விட்டது. கோல். மேளம் ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கயிற்றைத் தாண்டியது.

கமால் என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தான். அவன் கத்தினான். ஆனால் மார்பில் பலமில்லாத ஆளுக்குக் குரல் எங்கிருந்து வரும்? எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "மைக்கு, மைக்கு" என்று உதட்டை அசைத்தான். நான் அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி அவன் வாயருகே வைத்தேன்.

"தொடாதீங்கடா!"

ஒலிபெருக்கிகள் நான்கு மூலையிலும் அலறின. மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கயிற்றைத் தாண்டியவர்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள்.

"எவனும் கிட்ட போவாத. டேய் மேளம், மறுபடி அடிக்காத. ஒருத்தன் மட்டும் தலைய புடி, ஆட்டாத. நீ போடா," என்று என்னைப் பார்த்தான். "பலகைய எடு."

மைக்கை அறிவிப்பாளர் கையிலேயே திணித்து, கமால் வாயருகே பிடிக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். துணியைப் பிடித்து இழுத்தேன். கோப்பைகள் எல்லாம் உருண்டு விழுந்தன. பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, குழுக் கேப்டன் மண்டியிட்டுச் சேகரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தலை ஆடவில்லை. ஒலிபெருக்கியில் கமால் கேட்டான், "டேய், கேளுங்கடா அவன. முள்ளு குத்துதான்னு கேளு."

நான் தரையில் படுத்து அவன் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "சேகர், கீழ முள்ளு குத்துதாடா?"

அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "குத்துதுண்ணா. தொடைல ரொம்பக் குத்துது" என்றான்.

நான் எழுந்து நின்று, குத்துதாம் என்று கத்தினேன். மைக் இன்னும் கமால் வாயருகிலேயே இருந்தது. அவன் அழுத சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. உங்களில் அங்கே இருந்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது.

சேகருக்கு எலும்பில் கீறல். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு கிடந்தான், பிறகு எழுந்து வேலைக்குப் போனான். இது நடந்ததற்குப் பிறகாவது விதி வந்துவிடும் என்று நினைத்தேன். குழுக் கூட்டத்தில் முதலில் பேசப்பட்டது கோப்பையைப் பற்றி. சுழற்கோப்பையின் ஒரு காது நசுங்கிவிட்டதாம். "அந்தப் பையனுக்குத்தான் ஒண்ணும் ஆவலயே, அதுக்குப் போயி இவ்ளோ ரகளையா?" என்றார் ஒருவர். அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கமாலிடம் வந்து சொன்னபோது அவன் சிரித்தான். "அவனுக்கு கால் பூட்டிருந்தா வருசா வருசம் மாலை போட்டிருப்பானுங்க. ஒண்ணும் ஆவாததுக்கு எவன்டா மேளம் அடிப்பான்?" என்றான்.

கடைசி வருஷம் புண்ணோடு சிறுநீரகமும் கெட்டது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நான் போயிருந்த கடைசி முறை அவன் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது கேட்டான்.

"மைதானத்துல இன்னும் நெருஞ்சி கீதா?"

இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டும்," என்றான். "புடுங்கச் சொல்லாத."

அடக்கத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். மலர்வளையம், பழைய ஜெர்சி எல்லாம் கொண்டு போனோம். ரஷீத் பாய் தம்பியின் பக்கத்தில் குந்தியிருந்தார், கையில் அப்போதும் பஞ்சுத் துணுக்கு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். தனபால் அண்ணன் அவரிடம் குனிந்து, வண்டியில் மைதானத்துக்குக் கொண்டு போய் ஒரே ஒரு சுற்று தூக்கி வந்துவிடலாமா, எல்லோரும் ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டார். ரஷீத் பாய் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"நீங்க ஒரு தபா தூக்குனது போதும் அண்ணாத்தே."

நான் இத்தனை பக்கம் எழுதியிருப்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம்மில் ஒருவருக்கும் தலை நிமிரவில்லை. நிமிராமல் இருந்தது அந்த ஒரு மதியம்தான் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது.

அன்று மைதானத்தில் இரங்கல் கூட்டம். கமாலின் படத்துக்குப் பெரிய மாலை. படம் வைத்திருந்த மேசையில் சிவப்புத் துணி. துணிக்குக் கீழே நாடா தொங்குவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். தனபால் அண்ணன் அழுதார், பொய் அழுகை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார். இனி நம் போட்டி கமால் நினைவுக் கோப்பைப் போட்டி. இறுதி ஆட்டத்தில் கோல் போடுகிறவனை, கமாலின் நினைவாக, நம் வழக்கப்படி கால் தரையில் படாமல் தூக்கிச் சுற்றி வருவோம். அப்போதுதான் அவன் ஆத்மா சாந்தியடையும். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து போனேன். கமாலின் படத்தை எடுத்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தேன். துணியை மடித்துத் தனபால் அண்ணன் கையில் கொடுத்தேன். பலகையின் ஒரு முனையைத் தூக்கினேன். மறுமுனையைச் சேகர் வந்து பிடித்தான். அவன் தன் காலால் நடந்து வந்து பிடித்தான். இருவரும் அதைக் கொண்டு போய்க் கோட்டோரமாகக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். எங்களைத் தடுக்கவும் இல்லை, எங்களோடு வரவும் இல்லை யாரும். மைக்கில் அடுத்தவரைப் பேச அழைத்தார்கள்.

கமாலிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோப்பை இல்லை, படம் இல்லை. பலகை இப்போது ரஷீத் பாய் கடையில் இருக்கிறது. ஆட்டம் நடக்கிற ஞாயிறுகளில் மெத்தை ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அவரும் நானும் அதைக் கொண்டு வருகிறோம், ஆட்டம் முடிந்ததும் கொண்டு போகிறோம். அதன் மேல் ஒரு டீ கிளாஸைக்கூட வைக்க நான் விடுவதில்லை. பைத்தியம் என்று பின்னால் பேசுகிறீர்கள், காதில் விழுகிறது. அவன் எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்விதான். வரும் பொங்கலுக்கு நீங்கள் மேளத்தோடு உள்ளே ஓடி வரும்போது, விழுந்து கிடக்கிறவன் பக்கத்தில் நான் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முள் குத்துகிறது என்று அவன் வாயால் சொல்லி, தலை ஆடாமல் பலகைக்கு மாறும்வரை, அவனைத் தூக்க வேண்டுமானால் என்னை மிதித்துக்கொண்டுதான் நீங்கள் போக வேண்டும்.